வண்ணம் இல்லாத வண்ணத்துப்பூச்சி

இறக்கை கண்ணாடி, உடலில் நஞ்சு. மத்திய அமெரிக்கக் காட்டில் ஒளிந்து திரியும் இந்தப் பூச்சி, நம் வேலியோரப் பூச்சிகளுக்கு உறவு.

கோஸ்டா ரிக்காவின் மலைக்காடு. இலை நிழலில் பழுப்புக் கோடு ஒன்று அசைகிறது. உற்றுப் பார்த்தால் அது ஓர் இறக்கையின் விளிம்பு. விளிம்புக்குள் எதுவுமே இல்லாததுபோல், பின்னால் இருக்கும் பூ பளிச்சென்று தெரிகிறது. இறக்கையை விரித்தால் சுமார் 6 செ.மீ. அகலம் இருக்கும் இதை வண்ணத்துப்பூச்சி என்று அழைக்கவே தயக்கமாக இருக்கிறது. ஸ்பானிய மொழியில் இதன் பெயர் 'எஸ்பெஹிட்டோஸ்' - குட்டிக் கண்ணாடிகள். விஞ்ஞானிகளுக்கு இது கிரேட்டா ஓட்டோ. 1850களில் இதை முதலில் விவரித்தவர் ஆங்கிலேயரான வில்லியம் சாப்மன் ஹெவிட்சன்.

வண்ணத்துப்பூச்சியைப் பிடித்தால் விரலில் ஒட்டும் பொடி உண்மையில் நுண்ணிய செதில்கள். நிறமெல்லாம் அவற்றில்தான். கிரேட்டாவின் கண்ணாடிப் பகுதியில் செதில்கள் குறைவு. இருப்பவையும் மயிர்போல் மெலிந்தவை. ஆனால் செதில் இல்லாவிட்டால் மட்டும் போதாது. வெயில் பட்ட ஜன்னல் கண்ணாடிபோல் இறக்கை மின்னினால் பறவையின் கண்ணில் பட்டுவிடும்.

அதற்கும் வழி இருக்கிறது. இறக்கைப் பரப்பு முழுவதும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குட்டையான தூண்கள், ஒன்றுக்கொன்று உயரம் மாறி நிற்கின்றன. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழக ஆராய்ச்சியாளர்கள் 2015இல் இதை அளந்தார்கள். நன்றாகச் சாய்ந்த கோணத்திலிருந்து பார்த்தாலும், இறக்கையில் படும் ஒளியில் 2 முதல் 5 சதவீதமே திரும்புகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடியை நேராகப் பார்த்தாலே சுமார் 8 சதவீதம் திரும்பும். இந்தத் தூண்கள் மெழுகால் ஆனவை என்பதை 2021இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மெழுகைக் கழுவி எடுத்ததும் இறக்கை பளபளத்தது. கண் கூசாத திரைகளும் கண்ணாடிகளும் தயாரிக்க நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம்.

ஆனால் இவ்வளவு பாடுபட்டு ஏன் ஒளிய வேண்டும்? பூச்சி உலகில் ஒளிந்துகொள்வது பெரும்பாலும் ருசியானவை. நஞ்சுள்ளவை, "என்னைத் தொடாதே" என்று பளிச்சென்ற நிறங்களில் விளம்பரம் செய்யும். கிரேட்டாவோ நஞ்சும் வைத்திருக்கிறது, ஒளியவும் செய்கிறது.

நஞ்சு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதன் வம்சாவளியைப் பார்க்க வேண்டும். முன்னங்கால்கள் சிறுத்து, நான்கு கால்களில் நிற்கும் நிம்ஃபாலிடே குடும்பத்தைச் சேர்ந்தது இது. அதில் டானைனே துணைக்குடும்பம். அதற்குள் ஏறத்தாழ 390 இனங்கள் கொண்ட இத்தோமியினி பிரிவு. இந்தப் பிரிவு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. ஆனால் நம் வெந்தய வரியனும் நீல வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் அதே டானைனேதான்.

உறவு பழக்கத்தில் தெரிகிறது. காய்ந்த கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்குச் செடியிலும் ஆண் வரியன்கள் மொய்ப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அவை தேடுவது தேனை அல்ல. கசப்பான ஆல்கலாய்டு நஞ்சை. கிரேட்டாவின் ஆணும் பூக்களிலிருந்து அதே வகை நஞ்சைச் சேர்க்கிறது. அதில் ஒரு பகுதியைப் பெண்ணை ஈர்க்கும் வாசனையாக மாற்றுகிறது. மீதியில் ஒரு பங்கு, கூடலின்போது பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. சாப்பாட்டில் மட்டும் வேறுபாடு: வெந்தய வரியனின் புழு எருக்கு இலை தின்னும். கிரேட்டாவின் புழு தின்பதோ, வட இந்தியர்கள் 'ராத் கி ராணி' என்று அழைக்கும் செடியின் இனத்தைச் சேர்ந்த இலைகளை.

தோற்றத்தை நம்பியிருந்தால் உறவு புரிந்திருக்காது. அமேசான் காட்டின் சித்தேரியாஸ் வண்ணத்துப்பூச்சிக்கும் கண்ணாடி இறக்கைதான். அது வேறு துணைக்குடும்பம். நம் தோட்டங்களில் பகலில் தேன் குடிக்க வரும் பருந்து அந்துப்பூச்சி ஒன்றுக்கும் அப்படியே; அது வண்ணத்துப்பூச்சியே அல்ல. கிரேட்டா ஓட்டோவைத் தனி இனம் என்று சொல்லாமல், கிரேட்டா மோர்கனே என்ற இனத்தின் துணை இனமாகவே வைக்கும் பட்டியல்களும் உண்டு.

சரி, நஞ்சிருந்தும் ஏன் ஒளிகிறது? 2019இல் வெளியான இரண்டு ஆய்வுகள் விடையை நெருங்கின. இத்தோமியினியில் இறக்கை தெளிவாக உள்ள இனங்களும் நஞ்சு கொண்டவைதான் என்றது ஒன்று. அவற்றை முன்பின் பார்த்திராத பறவைகளின் கண்ணுக்குத் தெளிவான இறக்கைகள் குறைவாகவே பட்டன என்றது மற்றது. நஞ்சு கசக்கும் என்று பறவை கற்றுக்கொள்ள, யாரோ ஒரு பூச்சி கொத்துப்பட வேண்டும். அந்தப் பூச்சி தானாக இல்லாமலிருப்பதற்குக் கண்ணாடி உதவுகிறது. கண்டுபிடிக்கப்பட்டால் நஞ்சு காப்பாற்றலாம்.

அடுத்த முறை வாடிய கிலுகிலுப்பையைப் பிடுங்கி எறியும் முன் கொஞ்சம் பொறுங்கள். வரியன் ஒன்று அங்கே தன் சீதனத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம்.