மீனுக்கு விலை உண்டு, தூசிக்கு?

கல்மண்டபத்திலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம் நடந்து போகிற தூரம்தான். மே மாதத்தில் ஒரு நாள் காலையில் அங்கே போய் வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். ஜனவரியில் கேட்ட விலையைவிட அது கணிசமாக உயர்ந்திருக்கும். "ஏம்மா, இவ்வளவு விலை சொல்றீங்க?" என்றால், "வரத்து இல்லையே வாத்தியாரே! லாஞ்செல்லாம் கரையிலதானே நிக்குது" என்பார் மீன்காரம்மா.

பொருளியல் பாடநூலின் முதல் அத்தியாயம் முழுவதும் அந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது. நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். பொருளியல் என் துறை அல்ல. ஆயினும் வடசென்னையில் வாழ்கிறவர்களுக்கு இந்த இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. அது எந்த இடம் என்று காண்போமா?

சந்தையும் கிண்ணத்துக் கோலியும்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நமது கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய வழிவிடுவதற்காக இந்தத் தடை. முன்பு 45 நாட்களாக இருந்த தடைக்காலம் 2017 முதல் 61 நாட்களாயிற்று. நாட்டுப்படகுகள் அப்போதும் கடலுக்குப் போகும். ஆனால் அவற்றின் மீன் மட்டும் இவ்வளவு பெரிய நகரத்துக்குப் போதாது.

மீன்காரம்மா 'வரத்து' என்று சொல்வதைப் பாடநூல் 'அளிப்பு' என்கிறது. மக்கள் ஒவ்வொரு விலைக்கும் எவ்வளவு வாங்கத் தயாராக இருக்கிறார்களோ, அது 'தேவை'. விலை மிக அதிகமானால் மீன் விற்காமல் தங்கிவிடும். மீன் நாளைக்குக் காத்திருக்கும் பண்டமா என்ன? விற்பவர் விலையைக் குறைத்தே ஆகவேண்டும். விலை மிகக் குறைந்தாலோ, ஏலத்தில் ஒருவருக்கொருவர் போட்டி போட்டு விலையை ஏற்றிவிடுவார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் விலை ஓர் இடத்தில் வந்து நிற்கும். கிண்ணத்துக்குள் ஒரு கோலிக்குண்டை எந்தப் பக்கம் தள்ளினாலும் அது அடிப்பகுதிக்கே திரும்பி வருகிறதல்லவா? பௌதிகத்தில் இதை உறுதிச் சமநிலை என்கிறோம். சந்தையின் 'சமநிலை விலை'யும் இத்தகையதே. தடைக்காலம் வரும்போது கிண்ணமே நகர்கிறது. ஆகவே கோலியும் புதிய இடம் தேடிப் போகிறது.

விலை ஏறினால் எல்லாரும் வாங்குவதைக் குறைத்துக்கொள்வார்களா? பண்டத்தைப் பொறுத்தது. உப்பின் விலை இரண்டு மடங்கானாலும் நம் வீட்டுக் குழம்பில் உப்பு குறையாது. வஞ்சிரத்தின் விலை இரண்டு மடங்கானால் வீட்டில் அன்றைக்குக் கோழிக் குழம்புதான். மாற்றுப் பண்டம் எளிதாகக் கிடைக்குமானால் தேவை அதிகமாக வளைந்துகொடுக்கும். இதைத் 'தேவை நெகிழ்ச்சி' என்பார்கள். விலை 20 சதவீதம் ஏறும்போது வாங்கும் அளவு 30 சதவீதம் குறைந்தால், நெகிழ்ச்சி 30 ÷ 20, அதாவது 1.5. உப்புக்கு இந்த எண் ஏறக்குறைய சுழிதான்.

இரண்டு கடல்கள், இரண்டு பருவங்கள்

மேற்குக் கடற்கரையில் தடைக்காலம் ஜூன் மாதத்தில்தான் தொடங்கி ஜூலை 31 வரை நீடிக்கிறது. ஆகவே மே மாதத்தில் இங்கே படகுகள் கரையில் நிற்கும்போது கேரளத்துப் படகுகள் கடலில் இருக்கின்றன. ஐஸ் போட்ட மீன் லாரியில் சென்னைக்கு வந்து சேருகிறது. ஜூன் பாதிக்கு மேல் நிலைமை தலைகீழாகிறது. நம் கரையிலிருந்து அங்கே மீன் போகிறது.

இந்த லாரிகளை யாரும் கட்டளையிட்டு ஓட்டவில்லை. இரண்டு ஊர்களின் விலை வித்தியாசம் லாரி வாடகையையும் ஐஸ் செலவையும் விட அதிகமாக இருக்கும்வரை லாரி ஓடும். வித்தியாசம் அதற்குக் கீழே போனால் நின்றுவிடும். உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்குத் தண்ணீர் பாய்வதைப் போன்றது இது. வாங்குகிறவர், விற்கிறவர் இருவருமே மனமொப்பிச் செய்வதால் இருவருக்கும் இலாபம். வணிகத்தின் அடிப்படை இதுவே.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பேரத்தின் முழுச் செலவும் வாங்குகிறவரையும் விற்கிறவரையும் மட்டுமே சேரவேண்டும். மூன்றாமவர் ஒருவர் தலையில் அது விழுந்தால்?

பேரத்தில் இல்லாத மூன்றாமவர்

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகில் கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்றிலிருந்து கசிந்த எண்ணெய் கரையெங்கும் கறுப்புப் பாகாகப் படிந்தது. வாளிகளில் அள்ளி அள்ளி அதை அகற்றியதை அக்காலச் செய்தித்தாள்களில் படங்களாகக் காணலாம். அந்த நாட்களில் மீன் வாங்கவே மக்கள் தயங்கினார்கள். நன்றாகக் கவனியுங்கள்: தடைக்காலத்தில் குறைவது அளிப்பு, இங்கே குறைந்ததோ தேவை. எண்ணெய் படியாத தொலைவில் பிடித்த மீனையும் சேர்த்தே சந்தேகித்தார்கள். மீனவருக்கு அந்தக் கப்பல்களில் பங்கு ஏது? அவற்றின் சரக்குப் பேரத்தில் அவர் கையெழுத்திட்டாரா? இல்லை. இழப்பில் மட்டும் அவருக்குப் பங்கு கிடைத்தது. இப்படிப் பேரத்துக்கு வெளியே இருப்பவர் மேல் விழும் பாதிப்பைப் பொருளியலார் 'புறவிளைவு' என்கிறார்கள்.

கப்பல் மோதல் என்றோ ஒரு நாள் நடப்பது. நாள்தோறும் நடக்கும் புறவிளைவுக்கு நிலக்கரித் தூசியை எடுத்துக்கொள்வோம். இங்கேதான் பௌதிகம் வருகிறது.

காற்றில் விழும் சிறு துகள் வேகம் கூடிக்கொண்டே போவதில்லை. காற்றின் பாகுநிலைத் தடையும் துகளின் எடையும் சமமாகும்போது அது சீரான வேகத்தில் இறங்கும். இதுவே முற்றுத்திசைவேகம். ஸ்டோக்ஸ் விதிப்படி அது ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கடுகளவு நிலக்கரித் துண்டு 10 மீட்டர் உயரத்திலிருந்து சில வினாடிகளில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் விட்டமுள்ள துகளோ வினாடிக்குச் சுமார் 4 மில்லிமீட்டர்தான் இறங்கும். அதே 10 மீட்டரைக் கடக்க அதற்கு 2,500 வினாடிகள், அதாவது ஏறக்குறைய 40 நிமிடங்கள் ஆகும். அப்போது மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மென்காற்று வீசினால் துகள் எவ்வளவு தூரம் போயிருக்கும்? சுமார் 7 கிலோமீட்டர்! குவியலுக்குச் சொந்தக்காரர் எழுப்பிய மதில் சுவர் இந்தத் துகளைத் தடுக்குமா? நுரையீரலுக்குள் போகக்கூடியதும் கண்ணுக்குத் தெரியாத இந்தச் சின்னத் துகள்தான்.

சென்னைத் துறைமுகத்தில் பல ஆண்டுகளாக நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்பட்டு வந்தன. தூசியைப் பற்றிச் சுற்றுவட்டார மக்களின் முறையீடுகள் நீதிமன்றம் வரை சென்றன. 2011 அக்டோபர் 1 முதல் இந்தச் சரக்குகளை அங்கே கையாளக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

ஒரு டன் நிலக்கரியின் விலையைப் பிரித்துப் பாருங்கள். சுரங்கக் கூலி, கப்பல் வாடகை, இறக்கு கூலி, ரயில் கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். மாடியில் காயப்போட்ட வேட்டியை மறுபடி துவைத்த சோப்புக்கு அதில் இடமில்லை. இருமலுக்கு வைத்தியரிடம் கொடுத்த பணமும் இல்லை. கணக்கில் எழுதாததால் செலவு மறைந்துவிடுகிறதா? அது இன்னொரு வீட்டுக் கணக்குக்கு மாறுகிறது, அவ்வளவுதான். பண்டத்தின் விலை உண்மையைவிடக் குறைவாகத் தெரிவதால், அதை வேண்டியதற்கு மேல், கவனமின்றிக் கையாளுகிறோம்.

மூன்று வழிகள்

முதல் வழி தடை. 2011-இல் நடந்தது இதுவே. ஆபத்து பெரிதாக இருக்கும்போதும், யார் எவ்வளவு மாசு விடுகிறார் என்று அளக்க முடியாதபோதும் தடை சிறந்த வழி. ராயபுரத்துக்கு அதனால் பயன் கிடைத்தது. ஆனால் நாட்டின் நிலக்கரித் தேவை அதனால் குறையவில்லை. சரக்கு எண்ணூருக்கும் ஆந்திரத்தின் கிருஷ்ணப்பட்டினத்துக்கும் இடம் மாறியது.

இரண்டாம் வழி வரி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் பிகூ 1920-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கருத்தை விளக்கினார். மூன்றாமவருக்கு ஏற்படும் இழப்பின் அளவுக்கு வரி விதித்தால் விடுபட்ட செலவு விலையில் சேர்ந்துவிடும். இந்தியாவில் 2010-இல் ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் தீர்வை வந்தது. 2014-இல் 100, 2015-இல் 200, 2016-இல் 400 ரூபாய் என உயர்ந்தது. 2017-இல் சரக்கு-சேவை வரி முறைக்குள் இழப்பீட்டுத் தீர்வையாக மாறியது. 2025 செப்டம்பரில் அது நீக்கப்பட்டு, நிலக்கரியின் சரக்கு-சேவை வரி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக்கப்பட்டது. இதில் ஒரு குறை உண்டு. டன் கணக்கில் விதித்த தீர்வை, புகையை வடிகட்டுகிறவரையும் அப்படியே விடுகிறவரையும் ஒன்றாகவே நடத்தியது. தூசிக்கு வரி போட்டால்தான் தூசி குறையும்.

மூன்றாம் வழி சற்று விந்தையானது: மாசு விடும் உரிமைக்கே ஒரு சந்தை! ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன். 'அ', 'ஆ' என்று இரண்டு ஆலைகள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 10 டன் தூசி விடுகிறது. மொத்தத்தை 20-லிருந்து 10 டன்னாகக் குறைக்க வேண்டும். ஒரு டன் தூசியைக் குறைக்க 'அ'வுக்கு 20,000 ரூபாய் ஆகும். இயந்திரங்கள் பழையவை என்பதால் 'ஆ'வுக்கு 60,000 ரூபாய் ஆகும். ஆளுக்கு 5 டன் குறைக்கச் சொன்னால், செலவு 1 லட்சமும் 3 லட்சமுமாக மொத்தம் 4 லட்சம். அதற்குப் பதில் ஆளுக்கு 5 டன்னுக்கு உரிமச் சீட்டு கொடுத்து, அதை விற்கவும் வாங்கவும் அனுமதித்தால்? 'அ' தன் 10 டன்னையும் 2 லட்சத்தில் குறைத்துவிட்டு, சீட்டுகளை டன்னுக்கு 40,000 வீதம் 'ஆ'வுக்கு விற்கும். 'ஆ' 3 லட்சத்துக்குப் பதில் 2 லட்சத்தோடு தப்பிக்கும். 'அ'வின் செலவும் வரவும் நேராகிவிடும். ஊருக்கு ஆன மொத்தச் செலவு 2 லட்சம்தான். தூசி அதே அளவு குறைந்தது!

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. குஜராத்தின் சூரத் நகர ஆலைகளில் 2019-இல் இத்தகைய தூசிச் சந்தை தொடங்கியது. அதில் சேர்ந்த ஆலைகள் சேராதவற்றைவிட 20 முதல் 30 சதவீதம் குறைவாகத் தூசி விட்டன என்று ஆய்வாளர்கள் கண்டனர். புகைபோக்கிகளில் இடைவிடாது அளக்கும் கருவிகளைப் பொருத்தியதால்தான் அது சாத்தியமாயிற்று. அளவுகோல் இல்லாமல் சந்தை ஏது? 2011-இல் இத்திட்டத்தை முன்வைத்தபோது குஜராத், மகாராஷ்டிரத்தோடு தமிழ்நாட்டின் பெயரும் பட்டியலில் இருந்தது.

'ஆ'வின் பக்கத்து வீடு

இப்போது கற்பனைக் கணக்குக்குத் திரும்பி ஒரு கேள்வி கேளுங்கள். 'ஆ' ஆலையின் பக்கத்து வீட்டில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை! அந்த ஆலை முன்போலவே 10 டன் விடுகிறது. ஊரின் சராசரி பாதியாகக் குறைந்தது. அவருடைய காற்று மாறவில்லை.

கரியமில வாயுவுக்கு இந்தக் கவலை இல்லை. எங்கே விட்டாலும் அது உலகக் காற்றோடு கலந்துவிடும்; எங்கே குறைத்தாலும் பயன் ஒன்றே. தூசி அப்படியல்ல, விட்ட இடத்துக்குச் சில கிலோமீட்டருக்குள் பெரும்பகுதி படிந்துவிடும். ஆகவே தூசிக்குச் சந்தை அமைக்கும்போது 'மொத்தம் எவ்வளவு?' என்பதோடு 'எங்கே?' என்றும் கேட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் தனி உச்சவரம்பு வைக்க வேண்டும். எண்ணூரில் நிலக்கரித் துறைமுகம், அனல் மின் நிலையங்கள், கொசஸ்தலை ஆற்றோரச் சாம்பல் குட்டைகள் எல்லாம் ஒரே வட்டாரத்தில் நெருங்கியிருக்கின்றன. அங்குள்ளவர் வீட்டு விளக்குக்கும் நம் வீட்டு விளக்குக்கும் மின்கட்டண விகிதம் ஒன்றே. ஆனால் அந்த மின்சாரத்துக்காக அவர்கள் சுவாசத்திலும் ஒரு பங்கு கொடுக்கிறார்கள். அந்தப் பங்கு எந்த ரசீதிலும் இல்லை.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள நான்கு கண்ணாடித் துண்டுகளில் வாசலின் மெலிதாகத் தடவுங்கள். வெவ்வேறு தெருக்களில் இருக்கும் நான்கு நண்பர்களின் மொட்டை மாடிகளில் மழை இல்லாத ஒரு நாள் முழுதும் வையுங்கள். பிறகு உருப்பெருக்குக் கண்ணாடியால் ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை துகள்கள் என்று எண்ணி, காற்று வீசிய திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே நோட்டில் ஒரு மாதத்துக்கு வாரம் ஒருமுறை மீன் விலையையும் எழுதுங்கள்.

மீன் விலை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று உங்களால் காரணம் சொல்ல முடியும். கண்ணாடித் துண்டில் படிந்த தூசியின் செலவை யார் கொடுத்தார் என்று வகுப்பில் விவாதித்துப் பாருங்கள்.