பூட்டிலேயே ஓட்டையா?

கணினி அறையில் 'அப்டேட் செய்யவா?' என்று திரையில் வந்தால், பீரியட் போயிடுமே என்று 'பிறகு' என்பதையே அமுக்குவேன். "புது கம்ப்யூட்டர்ல பாதுகாப்பு சிப் இருக்கே, என்ன பயம் டீச்சர்?" என்று கேட்டேன். டீச்சர் விளக்கினார்.

மென்பொருள் பிழைதான் திருடன் நுழையும் ஓட்டை. அதனால் ரகசியச் சாவியைத் தனி சிப்புக்குள் பூட்டுகிறார்கள். சாவி வெளியே வராது என்பது வாக்குறுதி. ஆனால் இன்ஃபினியான் நிறுவனச் சிப்புகள் பலவற்றில், சாவி உருவாக்கும் நிரலிலேயே தவறு இருந்தது 2017-இல் தெரிந்தது. எல்லோரும் பார்க்கும் பொதுச்சாவியை வைத்தே ரகசியச் சாவியைக் கணக்குப் போட்டுப் பிடிக்கலாமாம்! எஸ்டோனியா நாட்டில் சுமார் 7.5 லட்சம் அடையாள அட்டைகள் இதில் மாட்டின. அவற்றைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று.

சிப்புக்குள்ளேயும் மனுஷங்க எழுதின நிரல்தான். சிப்பும் வேணும், அப்டேட்டும் வேணும். இனி நான் 'பிறகு' அமுக்க மாட்டேன். நீங்க?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி