ஆங்கில நாட்டுச் சேகரமும் அதன் ஆறு நாட்களும்

ஆலயம் என்றவுடன் நம்மிற் பலருக்கு ஞாயிற்றுக்கிழமையே நினைவிற்கு வரும். மணியோசை, வெண்மையான அங்கி தரித்த குருவானவர், பாடகர் குழு, பிரசங்கம், காணிக்கைப் பை ஆகிய இவையே திருச்சபையின் வாழ்வு என்று கருதுவாரும் உளர். இக்கருத்து முற்றும் பொருந்துவதன்று. ஏழு நாட்களுள் ஒன்றனை மட்டும் கண்டு ஏனைய ஆறனையும் காணாதவர், களத்திற் குவிந்த நெல்லைக் கண்டு உழவையும் நாற்று நடவையும் அறியாதவரை ஒப்பர். ஆங்கில நாட்டின் கிராமச் சேகரமொன்று தன் வாரத்தை எங்ஙனம் கழிக்கின்றது, அதனைத் தாங்கி நிற்போர் யாவர், அவர்க்கு இக்காலத்து நேர்ந்துள்ள இடர் யாது என்பவற்றை இயன்றவரை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். திருநெல்வேலிச் சீமையிலுள்ள நம் சபைகளுட் பல அந்த ஆங்கிலிக்கன் மரபிற் கிளைத்தவையாதலின், அயல்நாட்டுச் செய்தி எனினும் இது நமக்கு முற்றும் அயலானதன்று.

முதற்கண் சேகரம் என்பது யாதென அறிதல் வேண்டும். ஆங்கில நாட்டிற் சேகரம் என்பது ஆட்தொகையைக் குறித்ததன்று, நிலப்பரப்பைக் குறித்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ 12,500 சேகரங்களாக வகுக்கப்பட்டிருக்கின்றது. அவற்றில் ஏறத்தாழ 16,000 ஆலயங்கள் உள்ளன. எல்லைக்குட் குடியிருப்போர் யாவரும், ஆலயத்திற்கு வருவோராயினும் வாராதோராயினும், அச்சேகரத்தாரே. அவர்கள் சட்டத்திற்கு உட்பட்டு அவ்வாலயத்தில் மணஞ்செய்துகொள்ளும் உரிமையுடையார். ஆலயத்தைச் சூழ்ந்த கல்லறைத் தோட்டத்தில் இடமுள்ளவரை அடக்கம் பெறும் உரிமையும் உடையார். ஆலயத்தின் சொத்தையும் ஒழுங்கையும் பார்த்துக்கொள்ளச் ‘சர்ச் வார்டன்’ எனப்படும் கண்காணிப்பாளர் இருவர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். சபையின் பட்டியலிற் பெயருள்ளோர் மட்டுமின்றி, எல்லைக்குட் குடியிருந்து ஊராட்சி வாக்காளர் பட்டியலில் இடம் பெற்றோரும் அத்தேர்தற் கூட்டத்தில் வாக்களிக்கலாம் என்பது நாம் வியத்தற்குரியது. ஆகவே குருவானவர் தம் முன்னே பீடங்களில் அமர்ந்திருப்போர்க்கு மட்டுமே பொறுப்பாளர் அல்லர். அவ்வூரில் உறங்கி எழும் ஒவ்வோர் உயிர்க்கும் பொறுப்பாளர்.

இப்பொறுப்பின் அடையாளமாக விளங்குவது சேகரப் பதிவேடு. எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சரான தாமஸ் கிராம்வெல் 1538-ஆம் ஆண்டில் பிறப்பித்த கட்டளைப்படி, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றும் ஒவ்வோர் ஆலயத்திலும் எழுதிவைக்கப்படலாயின. பிரபுவின் பெயரும் கூலியாளின் பெயரும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து நின்றன.

அவ்வேடு எத்துணைத் துயரைத் தாங்கவல்லது என்பதற்கு டெர்பிஷயரிலுள்ள ஈம் என்னும் சிற்றூர் சான்றாகும். 1665-ஆம் ஆண்டு செப்டம்பரில், லண்டனிலிருந்து வந்த துணிப்பொதி ஒன்றனோடு கொள்ளைநோய் அவ்வூரிற் புகுந்தது என்பர். மறு ஆண்டு கோடையில் நோய் பெருகவே, இளங்குருவான வில்லியம் மாம்பெஸனும், அவருக்கு முன் அங்கே ஊழியம் செய்த தாமஸ் ஸ்டான்லியும் ஒன்றுகூடி, நோய் அயலூர்களுக்குப் பரவாதிருக்கும்பொருட்டு எவரும் எல்லையைத் தாண்டலாகாது என்று ஊராரை வேண்டினர். ஊரார் இசைந்தனர். அயலூரார் எல்லைக்கல்லருகே உணவை வைத்துச் சென்றனர். ஈம் ஊரார் அதற்குரிய காசைக் காடியில் இட்டுவைத்தனர். ஆலயத்தினுள் நெருங்கியிருத்தல் தீங்கென்று ஆராதனை வெளியே ஒரு பள்ளத்தாக்கில் நடைபெற்றது. பதினான்கு திங்களிற் சுமார் 260 பேர் மாண்டனர். குருவானவரின் மனைவி கேதரினும் அவர்களுள் ஒருவர். சேகர எல்லை என்பது நில அளவையாளர் இட்ட கோடு மட்டுமன்று, ஒருவர்க்கொருவர் பூண்ட கடமையின் வரம்பு என்பதை ஈம் ஊரார் தம் உயிர் கொடுத்துக் காட்டினர்.

இனி வாரத்தைக் காண்போம். ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பல ஆலயங்களில் நற்கருணை ஆராதனை அடக்கமாக நடைபெறும். 1549-இல் முதன்முதல் வெளிவந்து, 1662-இல் நிலைபெற்ற ஜெபப் புத்தகத்தின் பழஞ்சொற்களை விரும்புவோர் அதற்கு வருவர். பின்னர் நடைபெறும் பெரிய ஆராதனைக்குக் குழந்தைகளோடு குடும்பங்கள் வரும். அதில் 2000-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் புதிய முறைமைகள் பெரிதும் கையாளப்படும். மணம் முடிக்க இருப்போரின் ஓலை மூன்று ஞாயிறுகளில் வாசிக்கப்படும். ஆராதனை முடிந்தபின் ஆலயத்தின் பின்புறத்தில் தேநீர் வழங்குவர். இதனைச் சிறு செய்தி என்று தள்ளிவிடலாகாது. தனியே வாழும் முதியோர் சிலர்க்கு அவ்வாரத்தில் மற்றொருவரோடு அமர்ந்து பேசும் வாய்ப்பு அதுவேயாதல் கூடும். சென்ற வாரம் வந்தவர் இவ்வாரம் வாராமையும் அங்கேதான் முதலில் உணரப்படும். திங்கட்கிழமை அவர் வீட்டுக் கதவு தட்டப்படும்.

திங்கள் முதல் சனி வரை ஆலயம் உறங்குகின்றதென்று எண்ணற்க. துறவிகள் மடங்களில் நாளொன்றுக்குப் பலமுறை ஓதிவந்த ஜெபங்களைப் பேராயர் கிரான்மர் காலை ஜெபம், மாலை ஜெபம் என இரண்டாகச் சுருக்கி, உழவனும் பங்குகொள்ளத்தக்க எளிய ஆங்கிலத்தில் அமைத்தார். குருவானவர் அவற்றை நாள்தோறும் ஓதுதல் வேண்டும். ஓதுமுன் மணி அடிக்கச்செய்தலும் வேண்டும் என்பது ஜெபப் புத்தகத்தின் விதி. நூற்றைம்பது சங்கீதங்களும் முப்பது நாட்களுள் காலையும் மாலையுமாக ஓதி முடிக்கப்படும். கவிஞராகிய ஜார்ஜ் ஹெர்பெர்ட் 1630 முதல் 1633 வரை சால்ஸ்பரிக்கு அருகிலுள்ள பெமர்ட்டனிற் குருவாயிருந்தபோது இவ்விதியை வழுவாது நடத்தினார். அவருடைய மணி ஒலித்தபோது வயலில் உழுதுகொண்டிருந்தோர் சிலர் ஏரை நிறுத்தி ஜெபித்துப் பின்னரே உழவைத் தொடர்ந்தனர் என்று அவர் சரித்திரத்தை எழுதிய ஐசக் வால்ட்டன் கூறுகின்றார். உழவர் ஆலயத்திற்கு வந்திலர். ஆயினும் அவர்களுடைய உழைப்பு நாளின் நடுவே ஆலயம் சென்று சேர்ந்தது.

மணியைப் பற்றி மேலும் சிறிது கூறுதல் தகும். ஆங்கில நாட்டு மணி அடித்தல் ஒரு தனிக் கலை. ஒவ்வொரு மணிக்கும் ஓர் ஆள் கயிறு பிடித்து நிற்பர். அவர்கள் இராகம் எதனையும் வாசிப்பதில்லை. மணிகள் ஒலிக்கும் வரிசையைக் கணித முறைப்படி மாற்றி மாற்றி அடிப்பர். ஆறு மணிகளாயின் ஒருமுறை வந்த வரிசை மீண்டும் வாராமல் 720 வரிசைகள் அடிக்கலாம். இதற்கு வாரந்தோறும் ஒரு மாலையிற் பயிற்சி நடைபெறும். கொல்லனும் ஆசிரியனும், முதியவரும் பள்ளி மாணவரும் ஒரே வட்டத்தில் நிற்பர். ஒருவர் ஒரு நொடி தாமதித்தால் யாவர் உழைப்பும் கெடும். இரண்டாம் உலகப் போரின்போது, பகைவர் வந்திறங்கினாலன்றி மணி ஒலிக்கலாகாது என 1940 ஜூனில் தடை விதிக்கப்பட்டது. எல் அலமைன் வெற்றிக்காக 1942 நவம்பரில் ஒருமுறை மணிகள் ஒலித்தன. 1943-இல் தடை நீங்கிற்று. அவ்விடைக்காலத்து மௌனத்திலேயே தம் ஊர்மணி தமக்கு எத்துணை இன்றியமையாதது என்பதைப் பலர் உணர்ந்தனர்.

ஏனைய நாட்களில் நிகழ்வனவும் பல. ஒருநாள் இளந்தாய்மார் தம் மழலைகளுடன் கூடுவர். ஒருநாள் பாடகர் குழு பயிலும். ஒருநாள் குருவானவர் நோயாளர் வீடுகளுக்கு நற்கருணையை எடுத்துச் செல்வார். சனிக்கிழமை முறை வைத்துக்கொண்டு சிலர் மலர் அலங்காரம் செய்வர். சிலர் பித்தளை விளக்குத்தண்டுகளைத் துலக்குவர். சிலர் கல்லறைத் தோட்டத்துப் புல்லை அறுப்பர். வாயிலருகே வறியோர்க்கென வைக்கப்பட்ட கூடையில் உணவுப்பொருள்கள் சேர்ந்துகொண்டிருக்கும்.

இன்று உலகெங்கும் பரவியிருக்கும் செயல்கள் சில இத்தகைய சிறிய இடங்களிற் பிறந்தவையே. ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலையை நாடறியச் செய்தவர் குளூஸ்ட்டர் நகரத்துப் பத்திரிகையாளர் ராபர்ட் ரெய்க்ஸ்; 1780-இல் தொழிலாளர் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்க அதனை அவர் தொடங்கினார். தாய்மார் சங்கத்தை 1876-இல் தோற்றுவித்த மேரி சம்னர் ஒரு கிராமக் குருவின் மனைவியார். அறுப்பின் பண்டிகை இன்று வழங்கும் முறையில் ஆலயங்களிற் பரவுதற்குக் காரணமாயிருந்தவர், கார்ன்வாலின் கடற்கரையோரத்து மார்வென்ஸ்டோ என்னும் ஊரில் 1843-இல் அதனைக் கொண்டாடிய ராபர்ட் ஹாக்கர் என்னும் குருவானவர்.

இவற்றிற்கெல்லாம் பொருள் எங்கிருந்து வருகின்றது? இத்திருச்சபை அரசோடு இணைந்ததாதலின் அரசாங்கமே யாவற்றையும் கொடுக்கின்றதென்று நம்மவர் கருதுவதுண்டு. குருமாரின் ஊதியம் அரசாங்க வரிப்பணத்திலிருந்து கொடுக்கப்படுவதன்று. கூரை ஒழுகினால் சேகரத்தாரே பணம் திரட்டுதல் வேண்டும். 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதிகாரம் பெற்ற சேகரக் கமிட்டி இதனைக் கவனிக்கும். விற்பனைகளும் விருந்துகளும் இசைக் கச்சேரிகளும் பலவேளைகளில் கூரையின்பொருட்டே நிகழ்வன. கணக்கெழுதுவோர், கதவு திறப்போர், மலர் வைப்போர், மணி அடிப்போர் ஆகியோருட் பெரும்பாலார் ஊதியம் பெறாதவர். ஊர்கூடித் தேரிழுத்தல் என்று நாம் கூறுவது அங்கே ஆண்டிற்கு ஒருநாள் நிகழ்வதன்று, வாரந்தோறும் நிகழ்வது.

இத்தேருக்கு இக்காலத்து இடர் நேர்ந்துள்ளது. ஆராதனைக்கு வருவோர் தொகை பல்லாண்டுகளாகக் குறைந்து வந்திருக்கின்றது. இளைஞர் நகரங்களுக்குச் செல்கின்றனர். முன்னாளில் ஓர் ஊர்க்கு ஒரு குருவானவர் இருந்த இடத்தில், இந்நாளில் ஒருவரே பல ஆலயங்களைக் கவனிக்கின்றார். முதல் ஞாயிறு ஓர் ஊரிலும் இரண்டாம் ஞாயிறு மற்றோர் ஊரிலுமாக அவர் நற்கருணை நடத்துவார். 1994-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள் பிரிஸ்ட்டல் பேராலயத்தில் முப்பத்திரண்டு பெண்கள் குருப்பட்டம் பெற்றது முதல் பெண்களும் இவ்வூழியத்தைப் பகிர்ந்து தாங்குகின்றனர்; ஆயினும் ஊர்தோறும் ஒரு குரு என்னும் பழைய நிலை மீளவில்லை. குரு வாராத நாட்களில், ‘ரீடர்’ எனப்படும் பட்டம் பெறாத ஊழியர் ஜெபம் நடத்திப் பிரசங்கிப்பர். 1866-இல் புத்துயிர் பெற்ற இப்பதவியில் உள்ளோர் நற்கருணையைப் பிரதிஷ்டை செய்யலாகாது. ஆயினும் அவர் இல்லையாயின் பல ஆலயங்களின் கதவு அன்று திறக்கப்படாது.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஆங்கில நாடு வந்தடைந்த இந்நிலையிலேயே நம் சேகரங்கள் தொடங்கின என்பதை ஈண்டு நினைத்தல் தகும். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் உபதேசியார்களைப் பயிற்றி ஊர்தோறும் அமர்த்தினார். நம்மிடையே சேகரம் என்பது தொடக்கமுதலே ஒரு குருவும் பல சபைகளும் கொண்டது. குருவானவர் திருவிருந்திற்கு வருவார். ஏனைய நாட்களில் மாலை ஜெபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்வதும், நோயுற்றாரைக் காண்பதும் உபதேசியாரின் கடமை. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்த தாய்மாரும், விளைந்த முதற்காயைக் கொணர்ந்து ஏலத்திற்குக் கொடுத்த உழவரும் சபையின் செலவைத் தாங்கினர். 1947 செப்டம்பர் 27-இல் இச்சபைகள் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்து ஆங்கிலிக்கன் என்னும் பெயர் நீங்கியபின்னும் பிடியரிசியும் மாலைமணியும் நீங்கவில்லை. குரு தொகையிற் குறைந்தாலும் சேகரம் நிலைபெறுதல் கூடும் என்பதற்கு நம் ஊர்களே சான்று. எனவே ஆங்கில நாட்டுச் சேகரத்தாரிடம் நாம் கற்றது ஒன்றாயின், அவர் நம்மிடம் கற்கத்தக்கதும் ஒன்றுண்டு.

ஆயினும் இதனால் நாம் இறுமாத்தற்கு இடமில்லை. ஆங்கில நாட்டு இளைஞரை நகரம் ஈர்த்ததுபோலவே நம்மையும் ஈர்க்கின்றது. நம்மிற் பலர் கிராமச் சபைகளின் அரிசியையும் ஜெபத்தையும் பெற்றுக் கல்லூரி புகுந்தோர். பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் அசனத்திற்கும் ஊர் செல்கின்றோம், மறுநாள் திரும்பிவிடுகின்றோம். பண்டிகை நாளில் ஆலயம் நிறைந்திருப்பதைக் கண்டு மகிழ்கின்றோம். ஆனால் வருகின்ற செவ்வாய்க்கிழமை மாலை அவ்வாலயத்தில் மணி அடிப்பவர் யார், அவர் வயது என்ன, அவருக்குப்பின் அதனை அடிக்கப் பழகுவோர் உளரா என்று எத்தனைபேர் கேட்கின்றோம்? விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒருவர் ஒரு மாதம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம். சபையின் கணக்கேட்டை முதியவரோடு அமர்ந்து எழுதிக் கொடுக்கலாம். எழுந்து நடக்கலாகாத பாட்டியார் ஒருவர்க்குச் சங்கீதம் வாசிக்கலாம். இவை பெருஞ்செயல்கள் அல்ல. எனினும் ஞாயிற்றுக்கிழமை நாம் காணும் ஆலயத்தைத் தாங்கி நிற்பவை இவையே. நகரத்தில் வாழநேர்ந்தவரும் தாம் குடியிருக்கும் தெருவையே தம் சேகரமாகக் கொண்டு, அண்டை வீட்டார் மூன்று நாள் வெளியே காணப்படாவிடின் அவர் கதவைத் தட்டலாம்.