வயற்காட்டில் எழுவர் பந்தாட்டம்

மலப்புறம், கோழிக்கோடு, பாலக்காடு ஆகிய பகுதிகளில் தொழிலின் பொருட்டுக் குடியேறியுள்ள தமிழ் நேயர்களுக்கு ஓர் ஓசை பழக்கமாயிருக்கும். மழை ஓய்ந்து சில வாரங்கள் கழிந்ததும், ஒலிபெருக்கி கட்டிய வண்டியொன்று ஊர் முழுதும் சுற்றி, இன்றிரவு இன்ன மைதானத்தில் இன்னாருக்கும் இன்னாருக்கும் பந்தாட்டம் என்று அறிவித்துச் செல்லும். நமக்கென்ன என்று கதவைச் சாத்திக்கொள்வோர் நம்மிற் பலர். அவ்வாட்டத்தை ஒருமுறையேனும் சென்று காணுதல் நலம் என்பது நம் கருத்து.

இதற்குச் ‘செவன்ஸ்’ என்று பெயர். பக்கத்துக்கு எழுவர், அரைமணி நேரமாக இரண்டு பாதி. மலையாளத்தில் ‘கண்டம்’ என்றால் வயல்; ‘களி’ என்றால் விளையாட்டு. அறுவடை முடிந்த கண்டத்தில் தொடங்கிய களியே இது. மலப்புறத்துக் கோட்டைப்படி மைதானத்தில் பிரிட்டிஷ் படையினர் ஆடியதைப் பார்த்து ஊரார் பந்து பழகினர் என்பர். பட்டாளத்தாருக்குப் பரந்த மைதானம் இருந்தது. உழவர் பிள்ளைகளுக்கோ வரப்புகளுக்கு இடைப்பட்ட நிலமே கிடைத்தது. பதினொருவர் ஆட இடம் போதாத நிலத்தில் எழுவர் ஆடினர். இன்று வயல்கள் சுருங்கிவிட்டன. பள்ளி மைதானங்களிலும், மின்விளக்கு ஒளியில் இரவு நேரங்களிலும் ஆடுகின்றனர். ஆயினும் அந்தச் சிறுநிலத்தின் இயல்பு ஆட்டத்தை விட்டுப் போகவில்லை.

பெரிய மைதானத்து ஆட்டத்தைக் கண்டு பழகியவருக்கு முதலில் இது வெறும் தள்ளுமுள்ளாகத் தோன்றும். பந்தை மெல்ல மெல்லக் கைமாற்றி முன்னேறுவதற்கு இங்கே இடமில்லை. கோல் காப்பவர் எறியும் பந்தே எதிரியின் வாயிலில் போய் விழும். காப்பாளர் ஓங்கி உதைத்து விலக்கும் பந்து தவறிக் கோலாகவும் முடியும். ஆகவே பந்தை மட்டும் கண்ணால் துரத்துவதில் பயனில்லை. பந்து இல்லாத ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். எழுவரில் ஒருவர் இரண்டடி விலகி நின்றாலும் வாயில் திறந்துவிடும். ஓர் ஆட்டத்தில் நமக்கருகே அமர்ந்திருந்த முதியவர், கோல் விழுவதற்கு முன்பே தலையில் அடித்துக்கொண்டார். அவர் கவனித்தது அந்த இரண்டடியைத்தான்.

இவ்வாட்டத்தின் சுவை எல்லாம் அருகாமையில் உள்ளது. எல்லைக்கோட்டுக்கும் முதல் வரிசைக்கும் இடையே சில அடிகளே. ஆட்டக்காரரின் மூச்சிரைப்பும், பந்து காலில் படும் ஓசையும் காதில் விழும். நாம் சொல்வதும் அவர்கள் காதில் விழும் என்பதை மறக்கலாகாது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பல இளைஞர்கள் இப்போட்டிகளில் ஆட வருகின்றனர். எந்நாட்டினராயினும் ஊரார் அவர்களைச் ‘சுடானி’ என்று அழைப்பது வழக்கம். 2018-ல் ‘சுடானி ஃபிரம் நைஜீரியா’ என்னும் மலையாளத் திரைப்படம் அத்தகைய ஒருவரின் கதையை அன்புடன் காட்டிற்று. ஆனால் 2024 மார்ச்சில், மலப்புறம் மாவட்டத்து ஆட்டமொன்றில் தம்மை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தித் தாக்கினர் என்று ஐவரி கோஸ்ட் நாட்டு ஆட்டக்காரர் ஒருவர் போலீசில் முறையிட்டார். பிழைப்புக்காக அயலூர் வந்தவர் கூட்டத்தின் நடுவே தனியே நிற்பது எத்தகையது என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மற்றொரு செய்தியும் உண்டு. இவ்வாட்டம் நெடுங்காலம் தேசியக் கால்பந்துச் சம்மேளனத்தின் அங்கீகாரத்திற்குப் புறம்பாகவே வளர்ந்தது. உள்ளூர்ச் சங்கங்களே பணம் திரட்டி, டிக்கெட் விற்று, கொட்டகை கட்டி நடத்துகின்றன. சிகிச்சைக்கும் வீடு கட்டவும் பொருளுதவி தேவைப்படுவோருக்கு இந்தப் பணத்திலிருந்து கொடுப்பதும் உண்டு, இது போற்றத்தக்கது. ஆனால் அருகில் மருத்துவர் உண்டா, கொட்டகை தாங்குமா என்பதெல்லாம் அந்தந்தச் சங்கத்தின் பொறுப்புணர்ச்சியைச் சார்ந்தே இருக்கிறது. கல்கத்தாவின் பெரிய சங்கங்களுக்கு ஆடிய பாலக்காட்டுக்காரர் ஆர். தனராஜன், 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணையில் செவன்ஸ் ஆடிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து உயிர்நீத்தார். அவர் குடும்பத்துக்கு உதவும் பொருட்டு 2020 ஜனவரி 19 அன்று பாலக்காட்டு நூரணி மைதானத்தில் ஆட்டமொன்று ஏற்பாடாயிற்று. ஐ. எம். விஜயனும் பைசுங் பூட்டியாவும் வந்திருந்தனர். ஆட்டம் தொடங்குமுன்னரே தற்காலிக கேலரி சரிந்து ஏறத்தாழ 50 பேர் காயமுற்றனர். 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டத்துப் பூங்கோட்டிலும் ஒரு கேலரி சரிந்தது.

இத்தகைய கேலரிகளைக் கமுகு மரத்தாலும் மூங்கிலாலும் கட்டுவர். ஆதலின் குழந்தைகளுடன் செல்வோர் நேரத்தோடு சென்று கீழ் வரிசையிலோ தரையிலோ இடம் பிடித்தல் நன்று. முந்தின நாள் மழை பெய்திருந்தால் கால்கள் ஊன்றிய மண் இளகியிருக்கும். அன்று கேலரியை நாடவே வேண்டாம். கூட்டம் கோலுக்காக ஒருசேர எழுந்து குதிக்கும்போது பலகை அசைவதாகத் தோன்றினால் கூச்சப்படாமல் இறங்கிவிடுக. நின்றுகொண்டு பார்த்தாலும் ஆட்டம் நன்றாகவே தெரியும். உப்பிலிட்ட நெல்லிக்காயும் சுலைமானித் தேநீரும் விற்கும் கடைகளும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். ஆட்டம் முடிய இரவு நெடுநேரம் ஆகலாம். திரும்பும் பேருந்தை முன்பே விசாரித்து வைத்துக்கொள்க.