அக்கிதாவின் உப்புத் தொட்டி

பழங்காலத்துச் சாப்பாடு என்றாலே உடம்புக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறோம். ஜப்பானின் அக்கிதாவில் போய் அப்படிச் சொல்ல முடியாது.

வடக்கே, கடலோரத்தில் இருக்கும் மாகாணம் அது. நெல் விளையும் பூமி. டிசம்பரில் விழத் தொடங்கும் பனி மார்ச் வரை வயலை மூடிக் கிடக்கும். பச்சைக் காய்க்கு வழியில்லை. அதனால் குளிருக்கு முன்பே வீட்டுக்கு வீடு மரத்தொட்டியில் முள்ளங்கியை உப்புப் போட்டு அடுக்கி, மேலே கல்லைத் தூக்கி வைத்துவிடுவார்கள். புகையில் உலர்த்தி ஊறவைத்த முள்ளங்கிக்கு இபுரிகாக்கோ என்று தனிப் பெயரே உண்டு. ஹதாஹதா மீனும் உப்பில் ஊறும். அதிலிருந்து இறங்கும் சாறு குழம்புக்குப் போகும். இவற்றோடு மிசோ சூப். வயலில் உழைத்து வந்தவர்களுக்குத் தட்டு நிறையச் சோறு வேண்டும். அத்தனை சோறும் தொண்டையில் இறங்க உப்பும் தூக்கலாக வேண்டும்.

அமெரிக்க மருத்துவர் லூயிஸ் டால் 1960-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், வடக்கு ஜப்பானியர் ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிட்ட உப்பு 25 கிராமுக்கும் மேல். கிட்டத்தட்ட ஐந்து தேக்கரண்டி. 5 கிராமுக்குள் நிறுத்துங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ரத்தத்தின் அளவு கூடி, குழாய்களில் அழுத்தம் ஏறும். வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் மூளையின் மெல்லிய குழாய் வெடிக்கலாம். இதயச் சுவர் தடித்து, ஒருநாள் சோர்ந்துபோகலாம். 1951 முதல் 1980 வரை ஜப்பானில் அதிகம் பேரைக் கொன்றது பக்கவாதம்தான். அதில் அக்கிதாவின் பங்கு பெரியது. பக்கத்து மாகாணமான அவோமோரியில் ஆப்பிள் தோட்டங்கள் அதிகம். அங்கே ஆப்பிள் நிறையச் சாப்பிடும் ஊர்களில் ரத்த அழுத்தம் குறைவாக இருப்பதை ஹிரோசாகி பல்கலைக்கழகத்தின் நாவோசுகே சசாகி கவனித்தார். பழத்தில் உள்ள பொட்டாசியம் உப்பை வெளியே தள்ள உதவுகிறது.

இன்று கதை வேறு. வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ் வந்ததும் மீனைக் காப்பாற்ற உப்பு தேவைப்படவில்லை. குளிர்காலத்திலும் கடையில் கீரை கிடைக்கிறது. ஊர் ஊராகப் பிரஷர் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். உயிர்கள் பிழைத்ததில் அதற்கும் பெரும் பங்கு. 2019 கணக்குப்படி ஜப்பானியரின் ஒரு நாள் சராசரி உப்பு சுமார் 10 கிராம். அதுவும் அதிகம்தான், பக்கவாத மரணத்தில் அக்கிதா இன்னும் முன்வரிசையை விட்டு இறங்கவில்லை. ஆனால் கடையில் எந்தப் பொட்டலத்தைத் திருப்பினாலும், உள்ளே எத்தனை கிராம் உப்பு என்று நேராகவே அச்சிட்டிருக்கிறது. நம் பொட்டலங்களில் சோடியம் மில்லிகிராமில் இருக்கிறது. அதை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பு. கடை வாசலில் நின்று யார் பெருக்கிப் பார்ப்பார்கள்? இதை மாற்றச் சொல்லி நாம் கேட்டே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் வந்து முப்பது வருடம் ஆகிறது. அதன் கதவுத் தட்டில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. பாட்டி ஜாடியில் போட்ட அதே அளவு உப்பு, ஒரு கை கூடக் குறையவில்லை. அதற்கு மேல்தட்டில் அப்பாவின் பிரஷர் மாத்திரை அட்டை. நேற்று ராத்திரி மோர்சாதத்துக்கு அவர் இரண்டு துண்டு கேட்டார். அம்மா ஒன்றைத்தான் வைத்தார்.