முதல் மூன்று மணி நேரம்

ஒசூர் அருகே சாலை விபத்தில் காயமுற்ற என் முன்னாள் மாணவர் ஒருவரை, முதலுதவிக்குப் பின் பெங்களூருக்கு அனுப்பினர். ஆம்புலன்ஸில் உடன் சென்ற நான், வழியில் பரிந்துரைச் சீட்டைப் படித்தேன். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எழுதப்பட்டிருந்தன. விபத்து நேர்ந்த நேரமும், செலுத்திய மருந்துகளின் விவரமும் இல்லை. மாணவர் பிழைத்துக்கொண்டார். எழுதாமல் விடப்பட்ட அந்த நேரத்தின் மதிப்பை நான் பின்னரே அறிந்தேன்.

அதை உணர்த்தியது ‘கிராஷ்-2’ என்னும் ஆய்வு. இந்தியா உள்பட 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில், கடும் ரத்தப்போக்கோ அதற்கான அபாயமோ இருந்த 20,211 பேரிடம் இது நடத்தப்பட்டது. பாதிப் பேருக்கு, உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் செலுத்தப்பட்டது. மறுபாதியினருக்கு மருந்தற்ற கரைசல். 2010-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவின்படி, மருந்து பெற்றோரில் 14.5 சதவீதத்தினரும், பெறாதோரில் 16 சதவீதத்தினரும் இறந்தனர். அதாவது, ஏறத்தாழ 67 பேருக்கு அளித்தால் ஓர் உயிர் கூடுதலாகக் காக்கப்படுகிறது.

அடுத்த ஆண்டு வெளியான பகுப்பாய்வு மேலும் முக்கியமானது. காயமுற்ற ஒரு மணி நேரத்துக்குள் மருந்து அளிக்கப்பட்டபோது, ரத்தப்போக்கால் நேர்ந்த இறப்பு 7.7 சதவீதத்திலிருந்து 5.3 ஆகக் குறைந்தது. மூன்று மணி நேரத்துக்குப் பின் அளித்தபோதோ, 3.1 சதவீதத்திலிருந்து 4.4 ஆக உயர்ந்தது. உயிர் காக்கும் மருந்தே, காலம் தாழ்ந்தால் தீங்காகிறது.

ஜப்பானில் 1960-களில் கண்டறியப்பட்ட இம்மருந்து விலை குறைந்தது, காப்புரிமை அற்றது. விளம்பரப்படுத்தி லாபம் ஈட்ட எந்நிறுவனத்துக்கும் பெரிய தூண்டுதல் இல்லை. இத்தகைய அறிவைச் சந்தை தானாகச் சுமந்து செல்லாது. பொது நிறுவனங்களே சுமக்க வேண்டும் என்பது பொருளியலின் பாலபாடம்.

ஒசூரில் இதற்குத் தனி அவசரம் உண்டு. தொழிற்பேட்டைகளும், சரக்கு வாகனங்கள் ஓயாத தேசிய நெடுஞ்சாலையும் கொண்ட ஊர் இது. பலத்த காயமுற்றோர் பலர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடந்து, வேறு மாநிலத்துக்குக் கொண்டு செல்லப்படுகின்றனர். மூன்று மணி நேரக் கணக்கு பெங்களூர் மருத்துவமனை வாசலில் அன்று, விபத்து நேர்ந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. முதல் மருத்துவமனை மருந்து அளித்ததா என்று தெரியாவிட்டால், அடுத்த மருத்துவர் இருளில் முடிவெடுக்க நேரும்.

2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், தமிழக எல்லைக்குள் விபத்துக்குள்ளாகும் எம்மாநிலத்தவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நிதி அளிக்கிறது. பணத் தடையை நீக்கியதுபோல், நேரத் தடையையும் நீக்க வேண்டும்.

தேவையானவை மூன்று. மருத்துவர் தகுதி உண்டெனக் கருதினால், முதல் தவணையான 1 கிராம் மருந்தை வேறிடத்துக்கு அனுப்பும் முன்பே செலுத்த வேண்டும். விபத்து நேரமும் மருந்து அளித்த நேரமும் பதிவாகும் ஒரே வகைச் சீட்டை, இரு மாநில மருத்துவமனைகளும் ஏற்க வேண்டும். அவ்விரு நேரங்களுக்கும் இடைப்பட்ட தாமதத்தை, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மாதந்தோறும் ஆராய வேண்டும்.

இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டாம். சீட்டில் இரண்டு கட்டங்களும், அவற்றை நிரப்பும் பழக்கமும் போதும்.