மழை மூடும் கடல்: தீவுச் சுற்றுலாத் திட்டங்கள் மறந்த மாதங்கள்

புது தில்லி: 2024-ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில் லட்சத்தீவுகளுக்குச் சென்ற பிரதமர் நரேந்திர மோடி, முகமூடியும் சுவாசக் குழாயும் அணிந்து கடலில் நீந்திய படங்களை வெளியிட்டார். சாகசத்தை விரும்புவோர் தங்கள் பட்டியலில் லட்சத்தீவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினார். பிப்ரவரி 1-ஆம் தேதி தாக்கலான இடைக்கால பட்ஜெட்டில், லட்சத்தீவு உள்ளிட்ட தீவுகளில் துறைமுக இணைப்பும் சுற்றுலாக் கட்டமைப்பும் உருவாக்கப்படும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அதே மாதம் 25-ஆம் தேதி குஜராத்தில் துவாரகைக் கடலடியில் இறங்கிப் பிரதமர் வழிபட்டதும் நாடெங்கும் பேசப்பட்டது.

இந்தப் படங்கள் எடுக்கப்பட்டவை ஜனவரியும் பிப்ரவரியும். அரபிக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள் அவை. ஜூன் பிறந்துவிட்டால் அதே லட்சத்தீவில் கப்பலிலிருந்து படகுக்கு இறங்குவதே பெரும்பாடு. அந்தமானில் அதற்கும் முன்பே, மே மாதப் பிற்பகுதியிலேயே, ஸ்கூபா டைவிங் எனப்படும் முக்குளிப்புக்கான பருவம் முடிந்துவிடுகிறது. தலைநகரில் தீட்டப்படும் தீவுத் திட்டங்கள் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதங்கள் என்று கணக்கிடுகின்றன. கடலோ ஏழு மாதங்களுக்கு மேல் உறுதி தருவதில்லை.

மழையல்ல, காற்று

முக்குளிக்கச் செல்பவர் எப்படியும் நனையத்தான் போகிறார்; மழையால் அவருக்கு என்ன கெடுதல் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மழைத்துளியால் பெரிய இடையூறு இல்லை. மழையோடு வரும் காற்றும் அது எழுப்பும் அலைகளும்தான் சிக்கல்.

ஓர் அலையின் முகட்டுக்கும் அடுத்த அலையின் முகட்டுக்கும் இடையே உள்ள தொலைவில் பாதி எவ்வளவோ, அவ்வளவு ஆழம் வரை அந்த அலையின் அசைவு நீருக்குள் உணரப்படும். கோடையில் நான்கு வினாடிக்கு ஒன்றாக வரும் சிற்றலைகளின் இடைவெளி ஏறத்தாழ 25 மீட்டர். எனவே 12 மீட்டர் ஆழத்துக்குக் கீழே கடல் அசைவற்று இருக்கும். பருவக்காற்றுக் காலத்தில் எட்டு வினாடிக்கு ஒன்றாக வரும் நீண்ட அலைகளின் இடைவெளி 100 மீட்டரை எட்டும். அவற்றின் ஆட்டம் 50 மீட்டர் வரை இறங்கும். முதன்முறை இறங்குவோர் பொதுவாக 12 மீட்டர் வரையிலும், அடிப்படைச் சான்றிதழ் பெற்றோர் 18 மீட்டர் வரையிலும் மட்டுமே அழைத்துச் செல்லப்படுகின்றனர். ஆக, மழைக்காலத்தில் இவர்கள் சென்றடையக் கூடிய ஆழம் முழுவதும் அலையின் பிடியில்தான் இருக்கிறது. பவளப்பாறைக்கு அருகில் மிதப்பவரை அது முன்னும் பின்னுமாகத் தள்ளும். ஆளுக்கும் காயம், பவளத்துக்கும் சேதம்.

அடுத்தது நீரின் தெளிவு. அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது சென்னையில் பெய்வதைப்போல் இரு மடங்கு. மலைச்சரிவின் மண்ணையும், அலையாத்திக் காடுகளின் கழிமுகங்களில் ஊறிய பழுப்பு நீரையும் மழை கடலில் கொண்டுவந்து சேர்க்கிறது. மழை மேகத்தால் வெளிச்சமும் குறைகிறது. தெளிந்த நாளில் 20 மீட்டருக்கு அப்பால் தெரியும் பாறை, மழை நாளில் கைக்கெட்டும் தொலைவுக்கு வந்த பிறகே தெரியக்கூடும். லட்சத்தீவில் ஆறுகளோ மலைகளோ இல்லை என்பதால் இந்தக் கலங்கல் குறைவு. ஆனால் அங்கு மேற்கிலிருந்து வரும் அலைகளைத் தடுக்கத் திட்டின் விளிம்பிலுள்ள பவளப்பாறை வரம்பைத் தவிர வேறு அரண் இல்லை.

இவற்றைவிட முக்கியமானது, மேலே படகில் நிற்பவரின் நிலை. நீருக்குள் இருப்பவர்கள் எங்கே நகர்கிறார்கள் என்பதை, மேலெழும் காற்றுக் குமிழிகளைப் பார்த்தே படகோட்டி அறிகிறார். அலை நுரைக்கும் கடலில், சாரல் கண்ணை மறைக்கும்போது, குமிழியும் நுரையும் ஒன்றாகத்தான் தெரியும். நீரோட்டத்தில் விலகிப்போனவர் மேலே வந்து கையசைத்தாலும் படகில் இருப்பவர் கண்ணில் படாமல் போகலாம்.

தமிழ்க் கடற்கரைக்கு இது புதிய அறிவன்று. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்துக் காற்றைக் கணித்தவர்கள் நம் மீனவர்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், வடகிழக்குக் காற்று ஓய்ந்து தென்மேற்குக் காற்று எழும் முன் கிடைக்கும் மார்ச், ஏப்ரல் வாரங்களே அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டன. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அங்கே திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கச் செல்வோர் இன்றைக்கும் முதலில் பார்ப்பது நீர் தெளிந்திருக்கிறதா, கலங்கியிருக்கிறதா என்பதைத்தான்.

டிசம்பர் 2016

மழைக்காலக் கடல் தீவுச் சுற்றுலாவை என்ன செய்யும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று, 2016-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் அந்தமானில் நடந்தது. வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலத்தால் பலத்த காற்றும் மழையும் வீச, போர்ட் பிளேரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள ஹேவ்லாக் தீவுக்கும், அதனை அடுத்த நீல் தீவுக்கும் கப்பல் போக்குவரத்து நின்றது. முக்குளிப்புக்காகவும் கடற்கரைக்காகவும் சென்ற சுற்றுலாப் பயணிகள் 1,400-க்கும் மேற்பட்டோர் அங்கேயே சிக்கிக்கொண்டனர். கடற்படைக் கப்பல்கள் அனுப்பப்பட்டும், கொந்தளிப்பு காரணமாக உடனே நெருங்க இயலவில்லை. அனைவரும் பாதுகாப்பாக இருப்பதாக அன்றைய உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் தில்லியிலிருந்து உறுதியளித்தார். கடற்படையும் கடலோரக் காவல்படையும் விமானப்படையும் சேர்ந்து அவர்களை மீட்டு முடிக்க டிசம்பர் 9-ஆம் தேதி ஆயிற்று.

தமிழகத்தில் இச்செய்தி பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. முதல்வர் ஜெயலலிதா மறைந்தது அந்த டிசம்பர் 5-ஆம் தேதி இரவு. ஆனால் அந்தமானில் சுற்றுலாப் பயணிகளைச் சிறைவைத்த அதே காற்றழுத்தம்தான் பின்னர் வர்தா புயலாக வலுப்பெற்று, டிசம்பர் 12-ஆம் தேதி சென்னையின் மரங்களை வேரோடு சாய்த்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டு நாள் கூடுதலாகத் தங்க நேர்வது பெரிய இழப்பன்று. முக்குளித்தவருக்கு அந்த நாளில் உடல்நலம் குன்றினால்தான் ஆபத்து. ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன், விரைவாக மேலேறும்போது உடலுக்குள் குமிழிகளாக மாறும். மூட்டு வலியில் தொடங்கி முடக்கம் வரை கொண்டுசெல்லும் இந்நோய்க்கு, அழுத்த அறையில் வைத்து மீண்டும் அழுத்தம் கொடுத்துக் குணப்படுத்துவதே மருத்துவம். எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்மை. அந்தமானில் அதற்கு நம்பியிருப்பது போர்ட் பிளேரிலுள்ள கடற்படை மருத்துவமனையை. ஹேவ்லாக்கிலிருந்து அங்கே செல்ல நல்ல நாளில் கப்பலில் இரண்டு மணி நேரம் ஆகும். கப்பல் ஓடாத நாளில் எத்தனை மணி நேரம் என்று யாரும் எழுதி வைக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல முறை மூழ்கியவர், விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்பில் பின்பற்றப்படும் பொது விதி. மழையால் கப்பல் தள்ளிப்போய், திரும்பும் விமானச் சீட்டின் தேதி மட்டும் மாறாமல் இருந்தால், பயணி முதலில் சுருக்கிக்கொள்வது இந்த இடைவெளியைத்தான்.

அக்கம்பக்கம்

அதே அந்தமான் கடலின் கிழக்குக் கரையில் உள்ள தாய்லாந்து, சிமிலன் தீவுகளின் தேசியப் பூங்காவை ஆண்டுதோறும் மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடிவிடுகிறது. தேதி முன்கூட்டியே தெரிவதால் விடுதி நடத்துவோரும் படகு வைத்திருப்போரும் அதற்கேற்பத் திட்டமிடுகின்றனர். அந்நாட்டிலும் எல்லா இடத்திலும் இந்த ஒழுங்கு இல்லை. 2018-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி, ராச்சா தீவிலிருந்து புக்கெட் திரும்பிய பீனிக்ஸ் என்ற படகு பருவமழைப் புயலில் கவிழ்ந்து சீனச் சுற்றுலாப் பயணிகள் 47 பேர் உயிரிழந்தனர். வானிலை எச்சரிக்கை இருந்தும் படகு சென்றிருந்தது.

இலங்கைக்கு இயற்கை வேறு வசதி செய்து கொடுத்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் ஹிக்கடுவைக் கடல் கொந்தளிக்கும்போது, மலைநாட்டின் மறுபுறத்திலுள்ள திருகோணமலை அமைதியாக இருக்கும். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவின் பவளப்பாறைகளுக்கும், 1942 ஏப்ரலில் ஜப்பானியர் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்த ஹெர்மிஸ் போர்க்கப்பலுக்கும் செல்ல ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையே ஏற்ற காலம். நவம்பரில் வாடைக்காற்று எழுந்ததும் தொழில் தெற்குக் கரைக்கு மாறுகிறது. மாலத்தீவோ மழையையே வருவாயாக்கியிருக்கிறது. தென்மேற்குக் காற்று திரட்டிவரும் நுண்ணுயிர்களைத் தேடி பா திட்டின் ஹனிஃபாரு விரிகுடாவில் ஆனைத்திருக்கை மீன்கள் கூட்டமாக வருகின்றன. அங்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேலே நீந்திப் பார்க்கலாம், ஸ்கூபாவுக்கு இடமில்லை.

இந்தியாவில் அந்தமான், லட்சத்தீவு, கோவா, கர்நாடகத்தில் முருடேஸ்வருக்கு எதிரேயுள்ள நேத்ராணித் தீவு ஆகிய அனைத்துக்கும் மழை ஏறத்தாழ ஒரே காலத்தில் வருகிறது. ஒன்று மூடும்போது மற்றொன்று திறப்பதில்லை. புதுச்சேரி, சென்னைக் கடல் மட்டுமே சிலருக்குப் புகலிடம். அங்கும் நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை.

கூலி இல்லாத மாதங்கள்

ஆகவே இழப்பு யாருக்கு என்ற கேள்வி எழுகிறது. சான்றிதழும் ஆங்கிலமும் உள்ள பயிற்றுநர் வேறு கடற்கரைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவார். காற்று உருளைகளைச் சுமப்பவர், படகோட்டி, விடுதிச் சமையற்காரர் ஆகியோர் தீவிலேயே இருப்பவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரின் 3.80 லட்சம் மக்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். போர்ட் பிளேரின் படகுத்துறையில் தமிழ் கேட்பது வியப்பன்று.

ஆண்டுதோறும் மீன்பிடிக்கு 61 நாள் தடை விதிக்கப்படுகிறது. அந்நாள்களுக்காகத் தமிழக மீனவக் குடும்பங்களுக்கு வழங்கப்படும் நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023-ல் மாநில அரசு அறிவித்தது. போதுமா என்பது வேறு விவாதம். கடல் மூடும் காலத்தில் கடலை நம்பியவருக்கு அரசு ஏதேனும் தர வேண்டும் என்ற கொள்கையாவது அங்கே ஏற்கப்பட்டிருக்கிறது. சுற்றுலாப் படகில் வேலை பார்ப்பவர் மீனவர் பதிவில் வருவதில்லை என்பதால், இத்தகைய நிவாரணம் அவருக்குப் பொருந்தாது. மே இறுதியில் ஒரு மணி நேரம் வானம் வெளுத்தாலும் படகை இறக்கத் தூண்டுவது இந்த வெறுங்கைதான். சட்டம் கடுமையாக இல்லாததைவிட, வயிறு கடுமையாக இருப்பதே இங்கு பெரிய ஆபத்து. சுற்றுலா அமைச்சகம் 2018-ல் வெளியிட்ட சாகசச் சுற்றுலா நெறிமுறைகள் கருவிகளைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் பேசுகின்றன. அவை பெயரளவிலேயே வழிகாட்டிகள்.

பவளத்துக்கு மழை வேண்டும்

மழையைச் சுற்றுலாவின் எதிரியாகவே பார்ப்பதும் பிழை. லட்சத்தீவில் 2023 அக்டோபர் இறுதியிலிருந்து நீடித்த கடல் வெப்ப அலையால் பவளங்கள் பெருமளவில் வெளிறிப்போனதாக 2024 மே மாதத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தெரிவித்தது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளிலும் இதே துயரம் நேர்ந்தது. ஏப்ரல், மே மாதங்களில் உச்சத்துக்குச் செல்லும் கடலின் வெப்பத்தைத் தணிப்பவை பருவமழையின் மேகமும் நீரைக் கலக்கும் காற்றுமே. முக்குளிப்பவர் பார்க்க வருவது பவளத்தை; அந்தப் பவளம் உயிர் தரிக்க, முக்குளிக்க முடியாத மாதங்கள் தேவைப்படுகின்றன. வாண்டூர் கடற்பூங்காவில் ஜாலிபாய் தீவை மழைக்காலத்தில் மூடி, ரெட்ஸ்கின் தீவைத் திறக்கும் ஏற்பாடு நெடுங்காலமாக உள்ளது. தீவுகளுக்கு ஓய்வு தரும் இம்முறையை வேறு இடங்களுக்கும் விரிவாக்கலாம்.

உள்துறை அமைச்சர் தலைமையில் 2017 ஜூனில் அமைக்கப்பட்ட தீவுகள் மேம்பாட்டு முகமை, முதற்கட்டமாக ஸ்மித், லாங், லிட்டில் அந்தமான், மினிக்காய், பங்காரம் உள்ளிட்ட 10 தீவுகளைத் தெரிவு செய்தது. விடுதிகளுக்கும் படகுத்துறைகளுக்கும் இடம் குறிக்கும் வரைபடத்தோடு, மூடும் தேதி, திறக்கும் தேதி, அழுத்த அறைக்கான தொலைவு, வேலையற்ற மாதங்களின் கூலி ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடுவதில் தில்லிக்குப் பெரிய செலவில்லை.

அந்தமான் கடல் பகுதியை வழக்கமாக மே 20-ஆம் தேதியை ஒட்டி எட்டும் பருவமழை, 2025-ல் மே 13-ஆம் தேதியே வந்துவிட்டது. அவ்வாறு முன்கூட்டியே மூடும் கடல் அக்டோபரில் மீண்டும் தெளியத் தொடங்குகிறது. பயிற்றுநர்கள் ஹேவ்லாக் திரும்புவதும், பள்ளி விடுமுறைக்கான முன்பதிவுகள் நிரம்புவதும் அப்போதுதான். வங்கக் கடலில் புயல்கள் மிகுதியாக உருவாகும் மாதங்களும் அக்டோபர், நவம்பர், டிசம்பரே. 2016-ல் சிக்கிக்கொண்டவர்கள் சென்றிருந்ததும், சுற்றுலாத் துண்டறிக்கைகள் நல்ல பருவம் என்று சொல்லும் அந்த மாதங்களில்தான்.